உடனிழுக்கும் உரிமை

அத்தியாயம் 17

பெரிய வியாழன் அன்று வந்த கடிதம் நினைவிருக்கும். அதில் கொடுத்திருந்த இருபத்தொரு நாளில் இன்று கடைசி நாள். பின்னேரம் நாலு மணிக்குள் சீலா ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். 'கடலன்னை ஐஸ் அன் சீஃபூட்ஸ் பிரைவேட் லிமிட்டெட்' என்ற கம்பனியில் நூற்றுக்கு நாற்பது பங்கை விலை கொடுத்து வாங்கக்கூடிய ஆள்.

அந்த நாற்பது கொழும்பு முதலீட்டு நிதியம் ஒன்றின் கையில் இருந்தது. தொழிற்சாலையில் எல்லோரும் அவர்களை 'ஃபண்ட்காரர்' என்றார்கள். மிச்சம் அறுபதில் முப்பது மைக்கலுக்கு, முப்பது அவன் தங்கை சீலாவுக்கு. நிலாவெளியில் கரைவலை வைத்திருந்த அவர்கள் அப்பா மரியநாயகம், திருகோணமலையின் சீனன்குடாக் கரையில் ஒன்றரை ஏக்கர் வாங்கி ஐஸ் ஆலை போட்டுவிட்டுச் செத்துப்போனார். பிள்ளைகள் இருவரும் அதை வளர்த்தார்கள். வளர்ப்பதற்குக் காசு போதாமல் எட்டு வருடத்துக்கு முன் ஃபண்ட்காரரை உள்ளே எடுத்தார்கள்.

வந்த காசு வீணாகவில்லை. குளிரறைகள் எழும்பின. கிண்ணியாக் களப்பு நண்டு சீனன்குடாவில் சதையாகி, டின்னாகி, கடல் கடந்து போனது. பதினொரு பேர் வேலை செய்த இடத்தில் அறுபத்துநாலு பேர் வந்தார்கள். ஐந்து வருடத்தில் கம்பனியைக் கொழும்புப் பங்குச்சந்தையில் இறக்குவோம், அங்கே எங்கள் பங்கை விற்றுவிட்டுக் கைகுலுக்கிப் பிரிவோம் என்று ஃபண்ட்காரர் சொல்லியிருந்தார்கள். பிறகு அந்த ஏப்ரல் மாதத்து ஈஸ்டர் குண்டுகள். பிறகு ஊரடங்கு. பிறகு டொலரும் இல்லை, டீசலும் இல்லை என்ற வருடம். ஐந்து எட்டானது. சந்தை திரும்பி எழும்பியபோதும் சீனன்குடா நண்டுக் கம்பனி ஒன்றைக் கூப்பிட்டுக் கதிரை கொடுக்கிற சந்தையாக அது இருக்கவில்லை.

இப்போது ஃபண்டுக்கே காலம் முடிகிறது. பத்து வருடத்துக்கென்று சேர்த்த காசு அது. போட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்குவதற்கு ஒரேயொரு கம்பனி முன்வந்திருந்தது. களஞ்சியசாலைத் தொழில் செய்யும் கம்பனி. அவர்களுக்கு நண்டு வேண்டாம். கரையும் இறங்குதுறையும் வேண்டும்.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. மைக்கல்தான் வாசித்துச் சொன்னான். அதே விலைக்கு வேறு ஆளைக் குடும்பம் கொண்டுவந்தால் ஃபண்ட் அவருக்கே விற்கும், அதற்கு இருபத்தொரு நாள்.

சீலாவுக்கு நாற்பத்தெட்டு வயது, கலியாணம் கட்டாதவள். இருபத்தாறு வருடமாக ஐஸ் ஆலையின் அமோனியா மணத்தில் விடிகிறவள். அவள் கணக்கு எளிமையானது. ஆள் கிடைக்காவிட்டால் அந்தக் களஞ்சியக்காரர் பங்காளியாக வந்து உட்காருவார்கள், தினமும் தொந்தரவு கொடுப்பார்கள். ஆனாலும் அண்ணனும் தானும் சேர்ந்தால் அறுபது. அறுபதை யார் என்ன செய்ய முடியும்?

காலை ஏழரைக்கு மைக்கல் வந்தபோது, அவள் வாசலில் லொறி ஐஸ் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சாப்பிட்டனியோ?" என்றான்.

"வந்து சாப்பிடுவம். ஒன்பதுக்கு வங்கி திறக்கும்."

"வங்கி பங்கு வாங்காது, சீலா."

"வாங்க வேண்டாம். நாங்கள் வாங்கக் கடன் தரட்டும்."

மைக்கல் வான் வண்டியின் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு, "சரி, ஏறு" என்றான்.

*

மத்தியானம் வரை காக்க வைத்தாலும் வங்கி முகாமையாளர் நல்ல மனிதர். கதிரை காட்டினார், மின்விசிறியைத் திருப்பி விட்டார்.

"மிஸ், காணி உறுதி எங்களிட்டதான் இருக்கு. மெஷினும் எங்களிட்ட எழுதிக் கிடக்கு. புதுசா என்ன வைக்கப் போறியள்?"

"எங்கட பங்கு இருக்குது, சேர். ரெண்டு பேருக்கும் அறுபது."

அவர் மைக்கலைப் பார்த்தார். மைக்கல் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தான்.

"கொழும்புச் சந்தையில நிக்கிற கம்பனி எண்டால், நீங்கள் கட்டாமல் விட்டால் நான் அடுத்த நாள் காலமை வித்து எடுப்பன். திரையில விலை இருக்கும். இதை நான் வாங்கி அந்த அலுமாரிக்குள்ள வைச்சால், அது அலுமாரிக்குள்ளதான் கிடக்கும். மேலிடத்தில என்னட்டக் கேப்பினம், இதுக்கு இண்டைக்கு என்ன விலை எண்டு. நான் என்ன சொல்ல?"

"நாங்கள் வருசா வருசம் இலாபம் காட்டுறம், சேர்."

"காட்டுறியள். ஒரு குறையும் இல்லை. விலை சொல்ல ஆள் இல்லை, அதுதான் கதை."

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அரசாங்கக் கச்சேரிப் பக்கம் திரிகிற மான்களில் ஒன்று வானின் நிழலில் நின்று பேப்பர்ப் பை ஒன்றை மென்றுகொண்டிருந்தது. மைக்கல் அதைக் கையால் விரட்டினான்.

"வீட்டை போவம், சீலா. இருபது நாளா ஓடினது காணும்."

இருபது நாளும் ஓடியது உண்மைதான். நிலாவெளி ஹோட்டல்காரர் ஒருவர் அவளைக் கடைசிவரை கேட்டுவிட்டு, தன் ஹோட்டலையே நாலு வருடமாக விற்கப் பார்க்கிறேன், உங்களுக்கு யாரும் அகப்பட்டால் எனக்கும் சொல்லுங்கள் என்றார். நீர்கொழும்பு ஏற்றுமதிக்காரர் நண்டு வேண்டுமென்றால் வாங்குகிறேன், கம்பனி வேண்டாம் என்றார். ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா மகன் கேட்டது ஒரே கேள்வி. "போடலாம் அக்கா. எனக்குத் தேவைப்படேக்க எப்பிடித் திருப்பி எடுக்கிறது?"

"ஸெய்னுதீன் ஹாஜியார் மிச்சம் இருக்கிறார்" என்றாள்.

"அவர் வேண்டாம்."

"ஏன்?"

"சும்மா. அவர் வாங்க மாட்டார்."

"கேக்காமல் எப்பிடித் தெரியும்?"

மைக்கல் வானைக் கிண்ணியாப் பக்கம் திருப்பினான்.

*

ஸெய்னுதீன் ஹாஜியார் இருபது வருடமாக அவர்களுக்கு நண்டு சேர்த்துக் கொடுக்கிறவர். களப்பில் வலை போடுகிறவர்களில் பாதிப் பேர் அவர் சொல் கேட்பார்கள். கிண்ணியாவில் கையில் காசு வைத்திருக்கும் சிலரில் ஒருவர். வீட்டு வாசலில் மைக்கல் இறங்கவில்லை.

"ஃபோன் ஒண்டு கதைச்சிட்டு வாறன். நீ போ."

ஹாஜியாரின் மனைவி நபீஸா பிளேன்டீயும் மஸ்கட் இனிப்பும் கொண்டுவந்து வைத்தாள். சீலா வந்த காரியத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். நாற்பது பங்கு. நாலு மணி.

ஹாஜியார் முழுவதையும் கேட்டார். பிறகு தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

"தங்கச்சி, நான் ஒரு லொறி வாங்கினா என்ன செய்வன்? ஓட்டுவன். ஓட்டம் சரிவரல்ல எண்டா கந்தளாய்ச் சந்தியில நிப்பாட்டி, விற்பனைக்கு எண்டு ஒரு மட்டை எழுதிக் கட்டுவன். பொழுது படுறதுக்குள்ள ஒருத்தன் வந்து டயரை உதைச்சுப் பாப்பான். உங்கட நாப்பதை நான் எந்தச் சந்தியில நிப்பாட்டுற? வாறவன் எந்த டயரை உதைக்கிற?"

"என்னைப் பொண்ணு பாக்க வந்த நாளும் இவர் டயரைத்தான் உதைச்சிருப்பார்" என்றாள் நபீஸா.

"உன்னத் திருப்பி விக்கிற எண்ணம் இருக்கல்ல. அதால உதைக்கல்ல."

சீலாவும் சிரித்தாள். அன்று முழுக்க அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

"ஹாஜியார், கம்பனி நல்லா ஓடுது. உங்களுக்கே தெரியும்."

"தெரியும். அதில ஒரு சொல்லும் இல்ல. ஆனா நீங்க ரெண்டு பேரும் ஒரே ரத்தம். நான் மூணாவது ஆள். நாளைக்கு ஒரு மனவருத்தம் வந்தா நான் ஆருக்கிட்ட விக்க? உங்களுக்கிட்டத்தான். நீங்க இப்ப ஏலாது எண்டு செல்லுவீங்க. கொழும்புல பெரிய படிப்புப் படிச்ச ஆக்களே வெளிய போற வழி தெரியாம நிக்காங்க. நான் அதுக்குள்ள பூருறதா?"

"மனம் நோகாதீங்க தங்கச்சி. மைக்கல் தம்பிக்கும் அதைத்தான் செல்லி அனுப்பினன். லொறி ரெண்டையும் தாங்க, எடுக்கிறன். ஐஸ் மெஷின் கழட்டினா அதையும் பாப்பம். பங்கு மட்டும் வேணாம்."

"அண்ணா வந்தவரோ? எப்ப?"

"நோம்புப் பெருநாள் கழிஞ்ச கையோட. பக்டரி பூட்டின புறகு லொறி சும்மா நிண்டு துருப்பிடிக்கும், நீங்க எடுங்க எண்டு..."

நபீஸா கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவர் வாய் பாதியில் நின்றது.

நோன்புப் பெருநாள் பெரிய வியாழனுக்கு இரண்டு கிழமைக்கும் மேல் முந்தியது. கடிதம் வருவதற்கு முன்பே மைக்கல் இந்தக் கதிரையில் வந்து இருந்து, தொழிற்சாலை பூட்டும் என்று சொல்லியிருக்கிறான்.

சீலா தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். கோப்பையைத் தட்டில் வைத்தாள்.

"நான் வாறன், ஹாஜியார்."

"தங்கச்சி, நான் ஏதும் பிழையா..."

"இல்லை. நீங்கள்தான் இண்டைக்குச் சரியாக் கதைச்ச ஒரே ஆள்."

*

கிண்ணியாப் பாலம் தாண்டியதும், "வானை நிப்பாட்டுங்கோ" என்றாள்.

மைக்கல் ஓரமாக நிறுத்தினான். எஞ்சினை நிறுத்தவில்லை.

"லொறியை விக்கக் கேட்டனீங்களாம்."

அவன் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி இருந்தான். மறுக்கவில்லை.

"களஞ்சியக்காரருக்கு விக்க எப்ப கையெழுத்து வைச்சனீங்கள்?"

"மார்ச் கடைசியில."

"என்னட்டச் சொல்லாமல்?"

"சொன்னால் விடுவியோ?"

"இருபது நாள் என்னோட ஊரெல்லாம் வந்தனீங்கள். நீர்கொழும்புக்கு விடிய நாலு மணிக்கு எழும்பி வந்தனீங்கள். என்னத்துக்கு?"

"நீயே தேடிப் பாத்தால்தான் உனக்கு ஆறும் எண்டு நினைச்சன்." அவன் குரல் தணிந்திருந்தது. "எனக்கு அம்பத்திமூண்டு வயது, சீலா. எட்டு வருசமா ஒவ்வொரு தையிலயும் அடுத்த வருசம் சந்தைக்குப் போறம் எண்டு சொன்னாங்கள். சிங்கப்பூர்க்காரன் ஒருத்தன் வந்தான், ஞாபகமோ? காசைக் கொண்டுவரலாம், வெளியில கொண்டுபோக ஏலாது எண்டு தெரிஞ்ச உடன பிளேன் ஏறிட்டான். ஊரில என்னை முதலாளி எண்டு சொல்லுறாங்கள். விக்க ஏலாத சாமானுக்கு முதலாளி. ஒருத்தன் வந்து வாங்கிறன் எண்டு நிக்கிறான். இவன் போனால் இன்னொருத்தன் வர மாட்டான்."

"அப்ப நீங்கள் வித்திட்டுப் போங்கோ. என்ர முப்பதோட நான் இருக்கிறன்."

மைக்கல் முதல் தடவையாக அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"உன்ர முப்பதும் போகும். பத்தொன்பதாம் பிரிவு. ஃபண்டின்ர நாற்பதும் என்ர முப்பதும் சேர்ந்தால் எழுபது. எழுபது விக்க முடிவெடுத்தால் மிச்ச முப்பதையும் இழுத்துக்கொண்டு போகலாம்."

"பத்தொன்பதாம் பிரிவு கரைவலைக்கல்லோ?"

மைக்கல் எஞ்சினை நிறுத்தினான்.

எட்டு வருடத்துக்கு முன், திருகோணமலையில் சட்டத்தரணியின் கந்தோர். ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பிரதி எல்லோருக்கும். சீலாவுக்கென்று மட்டும் நொத்தாரிசின் கிளாக்கர் ஒருவரைக் கொண்டு தமிழில் எழுதுவித்த பிரதி. முப்பத்தொரு பக்கத்தையும் அவள் விரல் வைத்து வாசித்தாள். பத்தொன்பதாம் பிரிவுக்கு 'உடனிழுக்கும் உரிமை' என்று தலைப்பு. 'பெரும்பான்மைப் பங்காளர், ஏனைய பங்காளரைத் தம்முடன் சேர்த்து இழுக்கும் உரிமை உடையவராவர்.'

அப்பாவின் நிலாவெளிக் கரைவலை அனுமதியும் அப்போது கம்பனியின் பெயரில்தான் இருந்தது. அந்த ஒப்பந்தத்தின் சொத்துப் பட்டியலிலும் இருந்தது. கரைவலையில் கயிறு பிடிக்கிற எல்லோரும் பங்காளர். சேர்ந்து இழுப்பார்கள், இழுத்த மீனை அந்த மணலிலேயே பங்கு போட்டு, வெயில் சாய முன்னம் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். இழுக்கிற உரிமை என்றால் நிலாவெளியில் பிறந்த பிள்ளைக்கு வேறு எந்த எண்ணம் வரும்? கயிற்றில் இருந்து யாரையும் தள்ளிவிடக் கூடாது என்று கொழும்புக்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றே அவள் நினைத்தாள். நினைத்தது மட்டுமில்லை, சந்தோஷத்தில் வாய்விட்டும் சொன்னாள்.

"அண்டைக்குச் சொன்னனான்" என்றாள் இப்போது. "'அண்ணா, கரைவலையையும் மறக்காமல் போட்டிருக்கினம்' எண்டு. எல்லாரும் சிரிச்சவை."

"ஓம்."

"நீங்களும் சிரிச்சனீங்கள்."

"ஓம்."

"விளங்கித்தான் சிரிச்சனீங்களோ?"

மைக்கல் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். ஒரு பஸ் கோர்ன் அடித்துக்கொண்டு வானை உரசுவது போலக் கடந்து போனது.

"விளங்கித்தான். திருத்தினால் நீ கையெழுத்து வைக்க மாட்டாய். வைக்காட்டிக் காசு வராது. காசு வராட்டி அண்டைக்கே பூட்டியிருப்பம். அஞ்சு வருசத்தில சந்தைக்குப் போயிடுவம், அந்தப் பிரிவுக்கு வேலையே வராது எண்டுதான் நான் நினைச்சன். அந்தோனியார் மேல ஆணை."

"அந்தோனியாரை விடுங்கோ" என்றாள் சீலா. "வானை எடுங்கோ. மூண்டரை ஆகுது."

*

தர்ஷனா தொழிற்சாலையின் மேல்மாடிக் கந்தோரில் காத்திருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கொழும்பு வெள்ளவத்தையில் வளர்ந்த பிள்ளை. எட்டு வருடத்தில் ஃபண்ட் இந்தக் கம்பனியைப் பார்த்துக்கொள்ள அனுப்பிய நாலாவது ஆள். மற்ற மூவரும் வேலை மாறி வெளிநாடு போய்விட்டார்கள். சீலாவைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"ஆள் கிடைச்சதா, அன்ரி?"

"இல்லை."

"நான் உண்மையா நினைச்சேன், கிடைக்கணும் என்று."

அது நடிப்பில்லை என்று சீலாவுக்குப் பட்டது. அதனாலேயே கேட்டாள்.

"பிள்ளை, எங்கட கம்பனி நட்டத்தில ஓடுதோ?"

"இல்லையே. எங்கள் ஃபண்டில் பதினொரு கம்பனி இருக்கு. அதில் நல்லா நடக்கிறதில் உங்களுடையதும் ஒன்று."

"பிறகேன் இதை விக்கிறியள்?"

"நல்லா நடக்கிறதாலதான் அன்ரி. மற்றதுகளை வாங்க ஒருத்தரும் வரவில்லை."

மைக்கல் வாசலோடு நின்றான். உள்ளே வந்து இருக்கவில்லை.

தர்ஷனா சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்தாள். பத்தொன்பதாம் பிரிவை முதலில் ஆங்கிலத்திலும் பிறகு சீலாவின் தமிழ்ப் பிரதியிலும் வாசித்தாள். வெள்ளவத்தைத் தமிழில் அது இன்னும் அந்நியமாகக் கேட்டது. எழுபது சேர்ந்தால் முப்பதையும் இழுக்கலாம். இழுக்கப்படும் பங்காளர் கையொப்பமிட மறுத்தால் அவர் சார்பில் ஃபண்டின் பிரதிநிதி இடலாம். பங்காளர் அனைவருக்கும் ஒரே விலை, ஒரே நிபந்தனை. ஒருவருக்கு மட்டும் வேறு எந்த நன்மையும் இருத்தலாகாது; இருப்பின் இவ்வுரிமை செல்லாது.

பேனாவை எடுத்துச் சீலாவின் பக்கம் வைத்தாள்.

"நான் வைக்க மாட்டன்" என்றாள் சீலா.

"வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒன்றுதான், அன்ரி. வைத்தால் ஒரு மரியாதை."

"ஆருக்கு?"

தர்ஷனா சுவர்க் கடிகாரத்தில் நாலு அடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு கடுதாசியைத் தன் பக்கம் இழுத்து, 'சீலா மரியநாயகம் சார்பில்' என்று ஒவ்வோர் எழுத்தாக எழுதி, அதன் கீழே தன் பெயரை வைத்தாள். கையெழுத்து அழகாக இருந்தது. தன் பெயரை இன்னொருவர் அவ்வளவு கவனமாக எழுதுவதைச் சீலா அதுவரை பார்த்ததில்லை.

"நாளைக்குக் காலையில் கொழும்பில் பதிவாகும். அதோடு சரி" என்றாள் தர்ஷனா. "ஒரு மாதத்துக்குள் இடத்தைக் கையளிக்க வேண்டும்."

"அறுபத்துநாலு பேருக்கு ஆர் சொல்லுறது?"

தர்ஷனா ஃபைலை மூடினாள். சீலா எழுந்து படியிறங்கினாள்.

*

நண்டுச் சதை எடுக்கும் மண்டபத்தில் நீண்ட உருக்கு மேசைகளில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். வெள்ளைத் தொப்பி, றப்பர் பூட்ஸ், முழங்கை வரை நனைந்த கைகள். காலைப் பகுதி நண்டில் கடைசிக் கூடை நடந்துகொண்டிருந்தது. மேற்பார்வை றிஷானா. பதினாலு வருடமாக இருக்கிறவள், சீலாவே கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள்.

சீலா எப்படித் தொடங்குவது என்று படியிறங்கும்போதே வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தாள். தேவைப்படவில்லை.

"முடிஞ்சுதா மிஸ்?" என்றாள் றிஷானா.

"என்ன முடிஞ்சது?"

மேசையில் கைகள் மெதுவாகின. ஒருத்தியும் தலை நிமிர்த்தவில்லை.

"வித்தாச்சா?"

சீலாவுக்குத் தண்ணீர் ஓடும் சத்தம் பெரிதாகக் கேட்டது. "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"நோம்புக்குள்ளயே தெரியும், மிஸ்."

"எல்லாருக்குமோ?"

"எல்லாருக்கும்."

"ஒருத்தரும் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்ல."

றிஷானா கையுறையைக் கழற்றினாள். உடனே திரும்பவும் போட்டாள். "சொன்னா பேரை வெட்டிருவன் எண்டவர்."

"என்ன பேர்?"

"மைக்கல் சேர்தானே புதுக் கம்பனிக்கும் மனேஜர். அஞ்சு வருசத்துக்கு எழுத்தில குடுத்திருக்காங்களாம். வீடும் வாகனமும் தாறாங்களாம். பொதி கட்டுற வேலைக்கு எங்கள்ல பன்ரண்டு பேரைக் கூட்டிட்டுப் போறன், பேர் தாங்க எண்டு கேட்டவர்." அவள் குரல் உடைந்தது. "நான் குடுத்திட்டன், மிஸ். எனக்கு மூணு புள்ள. என்னோட கோவிக்காதீங்க."

சீலா அவளோடு கோபிக்கவில்லை. கோபிக்க நேரமிருக்கவில்லை. சற்று முன் மேலே கேட்ட தமிழ் அவள் காதில் ஒரு முறை முழுதாக ஓடியது. இந்த முறை அதில் கரைவலை இல்லை, கயிறு இல்லை. எழுதியிருந்தது எழுதியிருந்தபடியே விளங்கியது.

வீடு. வாகனம். ஐந்து வருட எழுத்து. ஒருவருக்கு மட்டும்.

"ஆர் ஆர் பேர் குடுத்தனீங்கள்?" என்று கேட்டாள்.

மேசை நெடுகிலும் நனைந்த கைகள் ஒவ்வொன்றாக, வெட்கத்தோடு, மார்பளவுக்கு உயர்ந்தன. பன்னிரண்டு. மிச்சம் பேர் நண்டைப் பார்த்தபடி நின்றார்கள்.

அவள் அந்தப் பன்னிரண்டு பேரையும் பார்த்தாள். இப்போது வெளியே போய் இதைத் தர்ஷனாவிடம் சொன்னால் இவர்கள் வேலையும் போகலாம், அண்ணனுக்கு அகப்பட்ட ஒரே வழியும் மூடலாம். அதற்குப் பிறகும் நாற்பதை வாங்க ஆள் வரப்போவதில்லை. போகாவிட்டால் மற்றவர்கள் ஒரு மாதத்தில் தெருவில் நிற்பார்கள். இரண்டு பக்கமும் அவளுக்குத் தெளிவாகவே தெரிந்தது.

முற்றத்தில் வாகனம் ஒன்று ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.

சீலா பூட்ஸ் மாற்றாமல், வெறும் செருப்போடு, ஈரத் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடினாள். தர்ஷனாவின் கார் திரும்பி வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் போய் நின்றாள். சாரதி பிரேக்கை அமத்தினான்.

பின்கண்ணாடி இறங்கியது.

"அன்ரி?"

"பிள்ளை, அந்தப் பிரிவின்ர கடைசி வரியை இன்னொருக்கா வாசியுங்கோ."

"இப்பவா?"

"இப்ப. தமிழில. சத்தமா."

தர்ஷனா மடியில் இருந்த ஃபைலைத் திறந்தாள். பக்கத்தைத் தேடினாள். அவள் வாய் திறப்பதற்குள் கந்தோர்ப் படியின் மேலிருந்து மைக்கலின் குரல் வந்தது.

"சீலா! அது வேற விசயம். அதை இஞ்ச இழுக்காத."

தர்ஷனா ஃபைலில் இருந்து தலையை நிமிர்த்தினாள். சீலாவைப் பார்த்தாள். பிறகு படியில் நின்றவனைப் பார்த்தாள்.

"எது வேற விசயம், அங்கிள்?" என்றாள்.